மச்சான் பேரில் எழுதிய மருந்து

ஊரில் நாலு பேர் பார்க்க யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட நல்லரத்தினத்துக்கு அவ்வளவு வெட்கம் வந்திருக்காது. அன்றைக்குக் கிளினிக்கில் அவனை யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஏச்செல்லாம் விழுந்தது அவனோடு ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்த மச்சான் கதிர்காமத்தம்பிக்கு. தங்கச்சி அன்னப்பூரணியின் புருசன்.

"வினாயகமூர்த்தி கதிர்காமத்தம்பி, அம்பிளாந்துறை. இது நீங்கதானே?" பழைய பெரிய புத்தகத்தை மேசையில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு கிளினிக் நர்ஸ் ஸகியா மிஸ்ஸி கேட்டாள்.

"ஓம் மிஸ்ஸி. நான்தான்."

"தொண்ணூற்றஞ்சாம் ஆண்டு தை மாசம் கசத்துக்கு மருந்து தொடங்கியிரிக்கீங்க. சித்திரையோட விட்டிட்டீங்க. இப்ப மூணு வருசம் கழிச்சு வந்து, முன்னம் மருந்தே எடுக்கல்ல எண்டு டொக்டர்கிட்டச் சொல்லியிரிக்கீங்க. பொய்தானே?"

கதிர்காமத்தம்பி திருதிருவென்று விழித்தான். நெல்லு வெட்டுகிற மனுசன். உரத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எழும்பி நிற்கிற சுபாவம். இப்போதும் எழும்பி நின்றான்.

"நான் இந்தக் கிளினிக் படியில காலை வச்சதே இண்டைக்குத்தான் மிஸ்ஸி."

"பாதியில விட்டிட்டுப் போற ஆக்கள் எல்லாரும் இதத்தான் சொல்லுற. நான் எத்தின பேரப் பாத்திட்டன்!"

ஸகியா மிஸ்ஸி கெட்ட மனுசி இல்லை. காத்தான்குடியிலிருந்து விடிந்ததும் புறப்பட்டு, ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் சோதனைக்கு இறங்கி ஏறி வந்து, நாள் முழுவதும் நாற்பது பேருடைய சளியையும் சாக்குப்போக்கையும் ஒருமிக்க வாங்கி வைக்கிறவள். யார் உண்மை சொல்கிறான் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற பொறுமை அவளுக்குத் தீர்ந்து வெகு காலம். புத்தகத்தில் இருந்தால் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் பொருந்துகிறபோது இந்த மனுசனின் விழிப்பை அவள் ஏன் நம்பவேண்டும்?

அவள் குரலைக் கொஞ்சம் தணித்து விளங்கப்படுத்தினாள். முதன்முதலாகக் காசநோய்க்கு மருந்து எடுக்கிறவருக்கு ஆறு மாதம் குளிசை மட்டும் போதும். ஆனால் ஒருமுறை தொடங்கிப் பாதியில் விட்டவரின் உடம்பில் கிருமி முழுதாகச் சாகாமல் அந்த மருந்துக்குப் பழகிப்போய் இருக்கும். அப்படிப்பட்டவருக்குப் பழைய மருந்து போதாது. எட்டு மாத மருந்து. அதில் முதல் இரண்டு மாதம் நாள் தவறாமல் ஊசியும் போடவேண்டும்.

"பொல்லாத ஊசி. காது இரைஞ்சா, தலை சுத்தினா உடனே சொல்லோணும். சிலருக்குக் காதப் பழுதாக்கும். விளங்கினதா? முன்னம் ஒழுங்கா எடுத்திருந்தா இந்த ஊசி உங்களுக்குத் தேவையே இல்ல."

அந்த இடத்தில் நல்லரத்தினம் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மிஸ்ஸி, அது நான்" என்று மூன்றே மூன்று சொல். அவன் வாயைத் திறக்கவும்தான் செய்தான். வெளியே வந்தது வேறு.

"ஊசி எங்க போடுற மிஸ்ஸி? தினமும் இங்க வரோணுமா?" என்று கேட்டான், மச்சானைக் கூட்டிவந்த நல்ல மனுசன் மாதிரி.

* * *

நல்லரத்தினம் குருக்கள்மடத்துத் தோணிக்காரன். வாவிக்கு இந்தப் பக்கத்துக் கரை ஆமியின் கையில், அந்தப் பக்கத்துப் படுவான்கரை இயக்கத்தின் கையில். நடுவில் கிடக்கிற தண்ணீர் மட்டும் நல்லரத்தினத்தின் கையில் என்று அவனே பகிடி விடுவான். குருக்கள்மடத்துறையில் ஆட்களை ஏற்றி எதிரே அம்பிளாந்துறையில் இறக்குவான், அங்கே ஏற்றி இங்கே இறக்குவான். சண்டை நாட்களில் அந்தத் தொழில் செய்ய நெஞ்சுரம் வேண்டும். அது அவனுக்கு இருந்தது. இல்லாதது வேறொரு உரம்.

தொண்ணூற்றைந்து தை மாதம். பேச்சுவார்த்தை நடந்து சண்டை ஓய்ந்திருந்த நாட்கள். இரண்டு மாதமாக நிற்காத இருமலோடு அவன் யாருக்கும் சொல்லாமல் பட்டணத்துக்குப் போய்ச் சளியைக் காட்டினான். கசம் என்று சொன்னார்கள். அவனுக்குச் சாவுப் பயம் ஒரு பங்கு வந்தது என்றால் ஊர்ப் பயம் பத்துப் பங்கு வந்தது. இருமுகிற தோணிக்காரனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் யார் உட்கார்ந்து வருவார்கள்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மருந்துக்கு வராதவர்களைத் தேடிக் கிளினிக்கின் ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். நல்லரத்தினம் ஒழுங்காக மருந்துக்குப் போகிறவன் இல்லை என்று நல்லரத்தினத்துக்கே தெரியும். ஆகவே அந்த மோட்டார் சைக்கிள் வராத ஊர் ஒன்று வேண்டும். வாவியைத் தாண்டி அது போகாது. அந்தப் பக்கத்தில் அவனுக்கு ஒரு வீடு தெரியும், அந்த வீட்டு மனுசனின் வயதும் தகப்பன் பெயரும் தெரியும். புத்தகம் எழுதுகிற கிழவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து "பேர்?" என்று கேட்டபோது, "கதிர்காமத்தம்பி" என்று சொன்னான். அடையாள அட்டையைக் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பான். கிழவர் கேட்கவில்லை.

மாசியில் இருமல் குறைந்தது. பங்குனியில் பசி எடுத்தது. சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது. அது அவனுக்கு வாய்த்த சாக்கு. பாதை மூடிவிட்டார்கள், சுட்டுப்போடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மருந்தை விட்டான். உண்மையில் பாதை நாலாம் நாளே திறந்துவிட்டது. அவன் போகவில்லை. இருமல்தான் நின்றுவிட்டதே!

இப்போது மச்சானுக்கும் கசம் கண்டு, அவனை அந்தக் கிளினிக்குக்குத்தான் கூட்டிப்போகவேண்டும் என்று வந்தபோதுகூட அவன் பெரிதாகப் பயப்படவில்லை. கிழவர் வேலையை விட்டு இளைப்பாறிப் போய்விட்டார், கட்டடத்தையும் மாற்றிவிட்டார்கள், பழைய புத்தகத்தைக் கறையான் தின்றிருக்கும் என்று நினைத்தான். கறையான் அவன் நினைத்த அளவுக்கு உதவவில்லை.

* * *

மட்டக்களப்புப் பகுதியில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் தன் உடுப்பு மூட்டையோடு பெண் வீட்டுக்கு வந்து இருக்கவேண்டும். ஆகையால் புருசன் பெண்சாதிக்குள் பெரும் பிரச்சினை வந்தால் மூட்டையோடு படியிறங்குகிறவனும் அவன்தான். இதைச் சொல்லாமல் விட்டால் கதிர்காமத்தம்பிக்கு நடந்தது விளங்காது.

கிளினிக்கில் சொன்னதை அன்னப்பூரணி முதலில் நம்பவில்லை. புருசன் சத்தியம் செய்தபோது அதைத்தான் நம்பினாள். ஆனாலும் மனம் ஆறாமல் அடுத்த நாள் துறைக்கு வந்து, தோணியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டாள்.

"அண்ணன், நீங்களும் கூட இருந்த நீங்கதானே. அவருக்கு முன்னமே கசம் வந்தது எண்டு அவங்க சொன்னது மெய்தானா?"

"புத்தகத்தில அப்பிடித்தான் எழுதியிரிக்குதாம் புள்ள."

"அவர் இல்லையெண்டுறாரே."

"புத்தகத்தில பேர் இரிக்கு. நான் என்னத்தச் சொல்ல?"

கிளினிக்கில் பேசாமல் இருந்தது ஒன்று. இது வேறு. அங்கே அவன் கோழை, அவ்வளவுதான். இங்கே, கூடப்பிறந்தவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிரபராதியின் தலையில் தன் குற்றத்தைத் தூக்கி வைத்தான். அதையும் ஒரு பொய்கூடச் சொல்லாமல் செய்தான். புத்தகத்தில் பெயர் இருந்தது உண்மைதானே!

அன்னப்பூரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"தொண்ணூற்றஞ்சில என்ட சின்னவள் கைப்புள்ள அண்ணன். வருத்தத்த ஒளிச்சு வச்சிக்கிட்டு அந்தப் புள்ளையத் தூக்கித் தூக்கிக் கொஞ்சினாரே! இவரும் ஒரு மனிசனா?"

அந்த வருடம் தங்கச்சி வீட்டுக்குச் சோறு தின்னப் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருமியது யார் என்று நல்லரத்தினத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிள்ளைகளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று கிளினிக்கில் சோதித்துச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவன் மூச்சு விட்டான்.

அந்த வாரமே கதிர்காமத்தம்பி தன் பாயையும் இரண்டு சாரனையும் ஒரு கோப்பையையும் எடுத்துக்கொண்டு வயல் வட்டைக்குள் இருந்த காவல் குடிலுக்குப் போய்விட்டான். சோறு மட்டும் வேலிக்கு மேலால் வரும்.

* * *

குருக்கள்மடத்து டிஸ்பென்சரிக்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஊசியைப் போடுவார். ஆக, தினமும் காலை ஏழு மணிக்குக் கதிர்காமத்தம்பி அம்பிளாந்துறையில் வந்து நிற்பான். நல்லரத்தினம் அவனை ஏற்றிவந்து, ஊசி போட்டதும் திருப்பிக் கொண்டுபோய் விடுவான்.

"நல்லரத்தினம் போல ஒரு மச்சான் ஆருக்குக் கிடைக்கும்?" என்று தோணிக்குள்ளேயே ஆட்கள் புகழ்ந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு துடுப்பைப் போட்டான். அடக்கமான மனுசன் என்று அதற்கும் புகழ்ந்தார்கள்.

கூடுதலாக மருந்து ஏறினால் கூடுதலாகச் சுகம் வரும், கெட்டதா செய்கிறார்கள் என்று முதல் பத்து நாளும் அவன் தன் மனதுக்குச் சொல்லிப் பார்த்தான். இரண்டு மாதத்தில் ஊசி முடிந்துவிடும். மச்சானுக்குச் சுகம் வரும். தங்கச்சிக்குக் கோபம் ஆறும். புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

பதினைந்தாம் ஊசிக்குப் பிறகு ஒரு நாள் நடு வாவியில் வைத்துக் கதிர்காமத்தம்பி சொன்னான்.

"மச்சான், நான் யோசிச்சுப் பாத்த நான். தொண்ணூற்றஞ்சில எனக்கு மலேரியா வந்து ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் கிடந்தன்தானே. அப்ப குளிசை தந்தவங்க. அதத்தான் கசத்துக்குத் தந்த மருந்து எண்டு எழுதிப்போட்டாங்களோ?"

நல்லரத்தினம் துடுப்பை இன்னும் ஆழமாகப் போட்டான்.

"இல்லாட்டி அவங்க தந்தது கசத்து மருந்துதானோ என்னமோ. எனக்குச் சொல்லாமத் தந்திருப்பாங்க. காய்ச்சல் விட்டதும் நான் எழும்பி வந்திட்டன். அப்ப விட்டது நான்தானே மச்சான்? மிஸ்ஸி ஏசினதிலயும் ஞாயம் இரிக்கி."

புத்தகம் பொய் சொல்லாது என்று அந்த மனுசன் முடிவு கட்டிவிட்டான். ஆகையால் தன் ஞாபகத்தைப் பிய்த்துத் தைத்துப் புத்தகத்துக்குப் பொருத்திக்கொண்டிருந்தான். செய்யாத தவறுக்குக் காரணம் தேடி, கண்டுபிடித்து, ஒப்புக்கொண்டும் விட்டான். நல்லரத்தினத்துக்கு வாவிக்குள் குதித்துவிடலாம் போல இருந்தது. நீந்தத் தெரிந்தவனுக்கு அந்த வழியும் இல்லை.

இருபத்தைந்தாம் ஊசி அளவில் காது இரையத் தொடங்கியது.

"வண்டு புகுந்த மாதிரி இரையிது மச்சான். நித்திரை இல்ல."

"மிஸ்ஸி சொன்னவதானே, காது இரைஞ்சாச் சொல்லச் சொல்லி. அப்போதிக்கரிக்குச் சொல்லு."

"சொன்னா ஊசிய நிப்பாட்டிருவாங்க. மறுகா, இவன் ரெண்டாந்தரமும் விட்டவன் எண்டு புத்தகத்தில எழுதிருவாங்க. வேணாம். இந்த முறை ஒரு நாளும் விடமாட்டன். அன்னத்துக்கு அதச் சொல்லிக் காட்டோணும்."

"சரி, உன்ட விருப்பம்" என்றான் நல்லரத்தினம். உன் விருப்பமாம்! சொல்லிவிட்டு அவனே தன் வாயை வெறுத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு படி இறங்கியது. கதிர்காமத்தம்பி தோணியில் கால் வைக்கும்போது தடுமாறினான். பக்கத்தில் பேசினால் "ஆ?" என்றான். பேசுகிறவரின் வாயையே பார்க்கத் தொடங்கினான். தான் பேசுவது தனக்கே கேட்காததால் சத்தம் போட்டுப் பேசினான். தோணியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் நல்லரத்தினத்தின் இருமல் திரும்பி வந்தது. துடுப்பைப் போட்டபடி தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்திக்கொள்வான். ஒரு நாள் துவாயில் சிவப்பாக ஒரு பொட்டு. அதை மடித்துக் காலுக்குக் கீழே வைத்தான். கதிர்காமத்தம்பிக்குக் காதுதான் மந்தம், கண் இல்லை.

"மச்சான்!" கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "என்னட்ட இருந்து உனக்கும் தொத்திப்போட்டுதா? தினம் தினம் உன்ட தோணியில ஏறி உனக்கும் வருத்தத்தத் தந்திட்டனா? நாளைக்கே போய்ச் சளியக் காட்டு. நான் என்ன பாவம் செய்தனோ!"

நல்லரத்தினம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்ல மச்சான், இது வெறும் சளித் தடிமன்" என்றான். அது கேட்டதோ இல்லையோ, கதிர்காமத்தம்பி அன்றிலிருந்து தோணியின் மறு நுனியில் போய், அவனுக்கு முதுகைக் காட்டி உட்காரத் தொடங்கினான். தன் மூச்சு மச்சான் மேல் பட்டுவிடக் கூடாதாம்.

* * *

நாற்பத்து மூன்றாம் நாள்.

குருக்கள்மடத்துறையில் இறங்கினால் ஐம்பது பாகம் தூரம் தள்ளி ஆமியின் சென்றி. வரிசையாகப் போய்ப் பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கவேண்டும். கதிர்காமத்தம்பி ஒன்றரை மாதமாகப் போய்வருகிற ஆள் என்பதால் பழைய ஆமிக்காரன் கையை அசைத்துப் போகவிடுவான். அன்றைக்குப் பழையவன் இல்லை. மீசை அரும்பாத புதியவன் ஒருவன் துவக்கோடு நின்றான். கதிர்காமத்தம்பி வழக்கம் போலக் கும்பிட்டுவிட்டு நடந்தான்.

நிற்கச் சொல்லிப் புதியவன் சிங்களத்தில் கத்தினான். கதிர்காமத்தம்பி நடந்தான். இரண்டாம் தரமும் கத்தினான். வரிசையில் நின்ற பெண்கள் "நில்லுங்க! நில்லுங்க!" என்று கூவினார்கள். அவன் இடுப்பில் கடுதாசிப் பையைச் செருகிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி டிஸ்பென்சரி இருந்த பக்கம் நடந்துகொண்டே இருந்தான். துவக்கு லோட் பண்ணுகிற சத்தம் துறை முழுவதும் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை.

கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த நல்லரத்தினம் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "காது கேக்காது ஐயா! சுடாதீங்க ஐயா! காது கேக்காது!" என்று கத்திக்கொண்டு ஓடிப் போய், பின்னாலிருந்து மச்சானைக் கட்டிப் பிடித்தான். கதிர்காமத்தம்பி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பகிடிக்குப் பிடிக்கிறான் என்று நினைத்திருப்பான். அப்புறம்தான் துவக்கைக் கண்டான்.

தமிழ் தெரிந்த ஒரு கோப்பிரல் உள்ளேயிருந்து வந்தான். புதியவனை ஏசித் துவக்கைக் கீழே இறக்கச் செய்தான்.

"பொறந்ததில இருந்தே செவிடா?" என்று கேட்டான்.

"இல்ல ஐயா. ஊசி போட்டு."

"என்ன ஊசி? ஏன் போட்டது?"

ஏன் போட்டது. துவக்கோடு நின்ற ஒரு அந்நியன்தான் கடைசியில் சரியான கேள்வியைக் கேட்டான். நல்லரத்தினம் பதில் சொல்ல வாயைத் திறந்து, இருமி, முடிக்க முடியாமல் நிலத்தில் குந்திவிட்டான்.

* * *

மச்சானைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் உட்காரவைத்து, "நான் வாற வரைக்கும் இங்கயே இரு" என்று கையால் காட்டிவிட்டு, அவன் பட்டணத்துக்குப் பஸ் ஏறினான்.

ஸகியா மிஸ்ஸியின் மேசைக்கு முன்னால் போய் நின்று, அந்த மூன்று சொல்லையும் சொன்னான். எப்படிச் சொன்னான் என்று பின்னால் அவனுக்கு நினைவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பழைய புத்தகத்தை எடுத்தாள், அந்த வரியைத் தேடி விரலை வைத்தாள்.

"அண்டைக்கு நீங்க இந்த வாங்கிலதானே இருந்தீங்க?"

"ஓம் மிஸ்ஸி."

"நான் அந்த மனிசன ஏச ஏச, பக்கத்தில இருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஓம்."

"நான் பொய்யன் எண்டு சொன்னன் அவர. என்ட அல்லாஹ்வே!" அவள் முக்காட்டின் ஓரத்தால் கண்ணை ஒற்றினாள். அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்தபோதுதான் நல்லரத்தினத்துக்கு மூச்சு வந்தது. வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்க அவள் ஏசினாள். நாற்பத்து மூன்று நாளுக்கு முன்னால் அவனுக்குச் சேரவேண்டியதை அவன் நின்று வாங்கிக்கொண்டான்.

டொக்டர் உடனே ஊசியை நிறுத்தும்படி அப்போதிக்கரிக்குக் கடிதம் எழுதினார். தள்ளாட்டம் நாளாகக் குறையலாம் என்றார். காது என்று கேட்டதற்கு, "போனது அநேகமாகப் போனதுதான்" என்றார்.

ஸகியா மிஸ்ஸி சளி எடுக்கிற சின்ன டப்பாவை அவன் முன்னால் வைத்தாள். புதிய புத்தகத்தில் பேனையை ஊன்றினாள்.

"பேரச் சொல்லுங்க. இந்த முறையாவது சொந்தப் பேர்."

"நல்லரத்தினம்."

"முன்னம் மருந்து எடுத்தீங்களா?"

"எடுத்த நான். நாலு மாசம். பாதியில விட்டிட்டன்."

அவள் எழுதினாள். "கிருமி இரிந்திச்செண்டா உங்களுக்கு ரெண்டு மாசம் ஊசி. காது இரைஞ்சா உடனே வந்து சொல்லோணும். அவரப் போல பயந்து கிடக்காதீங்க."

* * *

திரும்பி வரும்போது பிற்பகல் இரண்டு மணி. கதிர்காமத்தம்பி தேத்தண்ணிக் கடையில் இல்லை. துறையில், கட்டிக்கிடந்த தோணிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான். மச்சானைக் கண்டதும் எழும்பி, இடுப்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தான்.

"நீ வரக் காணல்ல. நானே தட்டித் தடவிப் போய்ப் போட்டுட்டன். நாப்பத்திமூணு! ஒண்டும் தவற விடல்ல."

நல்லரத்தினத்தின் சட்டைப் பையில் கடிதம் கிடந்தது.

தோணியில் ஐந்தாறு பேர் ஏறினார்கள். சந்தைக்கு வந்து திரும்புகிறவர்கள். அன்னப்பூரணியின் பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளையும் வெற்றிலைக் கூடையோடு ஏறி உட்கார்ந்தாள். காலையில் சென்றியில் நடந்ததைப் பற்றித்தான் பேச்சு. மச்சானைக் காப்பாற்றிய மச்சான் என்று ஆச்சிப்பிள்ளை நல்லரத்தினத்தைப் புகழத் தொடங்கினாள். அது அவனுக்கு ஊசி ஏறுவது போல ஏறியது. எல்லாரையும் இறக்கிவிட்டு, கரையில் தனியாக வைத்து மச்சானுக்குச் சொல்வோம் என்று நினைத்துக்கொண்டு துடுப்பைப் போட்டான்.

நடு வாவிக்கு வந்ததும் கதிர்காமத்தம்பி திரும்பி அவனைப் பார்த்தான்.

"நாளைக்கும் ஏழு மணிதானே மச்சான்?"

நல்லரத்தினம் தலையை ஆட்டினான், இல்லை என்று. "நாளைக்கு ஊசி இல்ல."

வாயசைவைப் பார்த்து அது அவனுக்கு விளங்கிவிட்டது. முகம் வெளிறியது. "ஏன் இல்ல? நிப்பாட்டிட்டாங்களா? நான் விடல்லயே மச்சான்! ஒரு நாளும் விடல்லயே! மிஸ்ஸிக்கு நீ சொல்லல்லயா?"

இனிக் கரை வரைக்கும் காத்திருக்க ஏலாது. நல்லரத்தினம் எழும்பி, பலகைகளைத் தாண்டிப் போய், மச்சானின் காதோடு குனிந்து மெதுவாகச் சொன்னான். "அந்தப் பேரக் குடுத்தது நான்தான்."

"ஆ?"

"தொண்ணூற்றஞ்சில மருந்து எடுத்தது நான்."

"கேக்கல்ல மச்சான். உரத்துச் சொல்லு."

நல்லரத்தினம் நிமிர்ந்தான். ஆச்சிப்பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடமாகத் தன் மனதுக்குள்கூடச் சத்தமாகச் சொல்லாத ஒன்றை இனி வாவியின் இரண்டு கரைக்கும் கேட்கச் சொன்னால்தான் இவனுக்குக் கேட்கும். இவன் காதை அப்படி ஆக்கியதும் அவனேதான்.

"கசம் வந்தது எனக்கு!" என்று கத்தினான். "உன்ட பேரச் சொல்லி மருந்து எடுத்தது நான்! பாதியில விட்டதும் நான்! அந்த ஊசி எனக்குப் போடுற ஊசி! உனக்கில்ல! உனக்கு அது தேவையே இல்ல மச்சான்!"

இருமல் வந்து குரலை அறுத்தது. ஆச்சிப்பிள்ளை சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் மறு நுனிப் பலகைக்கு நகர்ந்தார். இறங்கிப் போக யாருக்கும் இடம் இல்லை.

கதிர்காமத்தம்பி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மூடிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று நல்லரத்தினம் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவன் அடிக்கவில்லை. தன் காதை ஒரு கையால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டான்.

"அன்னத்துக்குத் தெரியுமா?" என்றான் கடைசியில், தன் சத்தம் தனக்குக் கேட்காத அந்தப் பெரிய குரலில்.

நல்லரத்தினம் இல்லை என்று தலையாட்டினான்.

"அப்ப வா. வீட்டு முத்தத்தில நிண்டு, புள்ளைகளுக்கு முன்னால அவளுக்குச் சொல்லு." கையால் கரையைக் காட்டினான். "இப்பச் சொன்ன மாதிரிச் சத்தமாச் சொல்லு. எனக்கும் கேக்கோணும்."